துடிப்பு ஏறும் சிசு: பிரசவ நேரத்தில் அழற்சியைக் கண்டறிதல்

பிரசவ அறையில் சிசுவின் இதயத்துடிப்பைத் தாளில் வரையும் சி.டி.ஜி. கருவி, ஆக்சிஜன் குறைவைப் பிடிப்பதற்காகப் பிறந்தது. 1950களிலும் 60களிலும் அமெரிக்காவில் எட்வர்டு ஹான், உருகுவேயில் ரொபெர்ட்டோ கால்டெய்ரோ-பார்சியா, ஜெர்மனியில் கொன்ராட் ஹம்மாகர் ஆகியோர் தனித்தனியே தேடியது ஒரே விஷயத்தைத்தான்: வலி வந்து கருப்பை இறுகும்போது சிசுவுக்குப் போகும் ரத்தம் குறைகிறதா, அதைத் துடிப்பு காட்டிக்கொடுக்கிறதா? இன்றைக்கும் செவிலியர் பள்ளியிலும் மருத்துவக் கல்லூரியிலும் அந்தத் தாளைப் படிக்கச் சொல்லித்தரும் முறை அதே கேள்வியைச் சுற்றியே நிற்கிறது. துடிப்பு எங்கே சரிகிறது, எவ்வளவு ஆழமாகச் சரிகிறது, வலி முடிந்த பிறகும் சரிவு நீடிக்கிறதா என்றே கண் தேடிப் பழகுகிறது. சரிவே இல்லாத தாளைப் பார்த்தால் கை தானாக 'நார்மல்' என்று எழுதிவிடுகிறது. கருப்பைக்குள் அழற்சியில் சிக்கிய சிசுவின் தாள் பல நேரங்களில் அப்படித்தான் இருக்கும். சரிவு ஒன்றும் இருக்காது. அடிப்படைத் துடிப்பு மட்டும் மெல்ல ஏறியிருக்கும். ஆகவே, சரிவைத் தேடும் கண்ணுக்கு இன்னொரு பழக்கமும் வேண்டும்: சிசுவின் இப்போதைய துடிப்பை அதே சிசுவின் முந்தைய துடிப்போடு ஒப்பிட்டு, அந்த மாற்றத்தைத் தாயின் நிலையோடு சேர்த்துப் படிப்பது. பிரசவ நேரத்தில் அழற்சியைக் கண்டறிய நம் கையில் இருக்கும் வழிகளில் இதைவிட நம்பகமானது வேறில்லை என்பதே இந்த அத்தியாயத்தின் நிலைப்பாடு.

முதலில் நடப்பதைப் புரிந்துகொள்வோம். கிருமிகள் பெரும்பாலும் பிறப்புறுப்பிலிருந்து கருப்பை வாய் வழியாக மேலே ஏறுகின்றன. யூரியாபிளாஸ்மா, கார்ட்னரெல்லா, பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஈ.கோலி போன்றவை அடிக்கடி காணப்படுபவை. அவற்றை எதிர்க்க முதலில் வருவது தாயின் வெள்ளணுக்கள். பனிக்குடச் சவ்வில் அவை குவிவதைத்தான் நோய்க்கூறு நிபுணர் பனிக்குட அழற்சி என்று எழுதுகிறார். சிசுவின் எதிர்வினை இதிலிருந்து வேறான ஒரு கட்டம். கிருமியோ அதன் நச்சுப்பொருளோ பனிநீர் வழியாகச் சிசுவைத் தொட்டதும், சிசுவின் சொந்த வெள்ளணுக்கள் தொப்புள்கொடி ரத்தக்குழாய்ச் சுவரைத் துளைத்து வெளியே வரத் தொடங்கும். இன்டர்லூக்கின்-6 போன்ற சமிக்ஞைப் பொருள்கள் சிசுவின் ரத்தத்தில் பெருகும். 1998இல் ரொபெர்ட்டோ ரொமேரோவின் குழுவினர் தொப்புள்கொடி ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 11 பிக்கோகிராமுக்கு மேல் இன்டர்லூக்கின்-6 இருந்தால் அதைச் சிசுவின் அழற்சி எதிர்வினை நோய்க்குறி என்று வரையறுத்தார்கள். தாய்க்கு அழற்சி இருந்து சிசுவுக்கு இல்லாமல் இருக்கலாம். சிசுவுக்கு முற்றிய பிறகும் தாய்க்குக் காய்ச்சல் வராமல் இருக்கலாம். இரண்டாவது நிலைதான் பிரசவ அறையில் நம்மை ஏமாற்றுவது.

இதில் ஏன் இவ்வளவு கவலைப்பட வேண்டும்? கலிபோர்னியாவில் காரின் நெல்சனும் ஜூடித் கிரெதரும் சாதாரண எடையோடு பிறந்த குழந்தைகளை ஆராய்ந்து 1997இல் வெளியிட்ட ஆய்வில், பிரசவத்தின்போது தாய்க்குத் தொற்றின் அடையாளங்கள் இருந்த குழந்தைகளிடம் மூளை முடக்குவாதம் பல மடங்கு அதிகமாகத் தெரிந்தது. 2000இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, நிறைமாதக் குழந்தைகளில் வெளிப்படையான பனிக்குட அழற்சியோடு இந்த அபாயம் ஏறத்தாழ 4.7 மடங்காகக் கூடுவதாகக் கணக்கிட்டது. விலங்கு ஆய்வுகள் இதற்கு ஒரு காரணத்தைக் காட்டுகின்றன. சுவீடனின் கோதன்பர்க் ஆய்வாளர்கள் 2001இல், பிறந்து ஒரு வாரமான எலிக்குட்டிகளுக்குப் பாக்டீரிய நச்சைச் சிறிதளவு கொடுத்துச் சில மணி நேரம் கழித்து ஆக்சிஜன் குறைவுக்கு உட்படுத்தினார்கள். நச்சு இல்லாதபோது பெரிய சேதம் விளைவிக்காத அந்தக் குறைவு, நச்சுக்குப் பின் மூளையைக் கடுமையாகச் சிதைத்தது. சாதாரணச் சிசு தாங்கிக்கொள்ளும் வலியை அழற்சியுள்ள சிசு தாங்காமல் போகக்கூடும் என்பதே இதன் நடைமுறைப் பொருள். தாயின் உடல் வெப்பத்தைவிடச் சிசுவின் வெப்பம் எப்போதும் ஏறத்தாழ அரை டிகிரி கூடுதலாக இருக்கும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். வெப்பம் கூடினால் ஆக்சிஜன் தேவையும் கூடும். அந்த நேரத்தில் ஆக்சிடோசின் டிரிப்பின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவது என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

ரத்தப் பரிசோதனை ஒன்று செய்து உறுதிசெய்துகொள்ளலாமே என்று கேட்கத் தோன்றும். பிரசவம் நடந்துகொண்டிருக்கும்போது பயன்படக்கூடிய அப்படியொரு சோதனை இன்னும் கைக்கு வரவில்லை. தாயின் வெள்ளணு எண்ணிக்கை வலியாலேயே ஏறும். நுரையீரல் முதிர்ச்சிக்காக ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் இன்னும் ஏறும். தாயின் சி.ஆர்.பி.யும் இயல்பான பிரசவத்தில் கூடுவதுதான். சிசுவின் சி.ஆர்.பி. கல்லீரலில் உருவாகி ரத்தத்தில் தெரிய 6 முதல் 8 மணி நேரம் ஆகும் என்பதால், பிறந்த உடனே எடுக்கும் மாதிரி நல்லபடியாக இருந்தாலும் அதை நம்பி நிம்மதி அடைய முடியாது. பெர்லினில் எரிக் சாலிங் 1960களின் தொடக்கத்தில் கொண்டுவந்த, சிசுவின் தலைத் தோலில் ரத்தம் எடுத்து அமிலத்தன்மை பார்க்கும் முறை இங்கே ஆபத்தான ஆறுதலைத் தரக்கூடியது. அழற்சி மூளையைத் தொடுவதற்கு ரத்தம் அமிலமாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தாய்க்குச் செப்சிஸ் இருக்கும்போது இந்தச் சோதனை பொய்யான நம்பிக்கை தரலாம் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பின் முந்தைய வழிகாட்டியே எச்சரித்திருந்தது. தொப்புள்கொடியில் இன்டர்லூக்கின் அளப்பது பிறந்த பிறகு நடக்கும் காரியம். கொடியில் அழற்சி இருந்ததா என்ற நோய்க்கூறு முடிவோ, தாயும் பிள்ளையும் வீட்டுக்குப் போன பிறகு வந்து சேரும்.

எஞ்சுவது துடிப்பும் தாயும்தான். துடிப்பில் முதலில் பார்க்க வேண்டியது அடிப்படை அளவு. நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இயல்பு என்று சர்வதேச மகப்பேறு மருத்துவக் கூட்டமைப்பான ஃபீகோவின் 2015 வழிகாட்டி உள்பட எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் இந்த எல்லை உலகத்துச் சிசுக்களுக்கெல்லாம் பொதுவாக வரைந்தது; ஒவ்வொரு சிசுவும் அதற்குள் தனக்கென ஓர் அளவை வைத்திருக்கிறது. மாதம் ஏற ஏற அடிப்படைத் துடிப்பு இறங்குவது இயல்பு. 28 வாரத்தில் 155 இருப்பதும், 41 வாரத்தில் 155 இருப்பதும் ஒன்றல்ல. அனுமதிக்கும்போது 125 இருந்த சிசு ஐந்து மணி நேரத்தில் 148க்கு வந்தால் எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனாலும் ஏதோ நடந்திருக்கிறது. 2022 டிசம்பரில் வந்த நைஸ் வழிகாட்டி, பிரசவத் தொடக்கத்திலிருந்தோ ஒரு மணி நேரத்துக்கு முந்தைய மதிப்பீட்டிலிருந்தோ 20 துடிப்பு கூடினாலே கவனிக்க வேண்டிய குறி என்று சேர்த்தது இதனால்தான். லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் பணியாற்றிய எட்வின் சந்திரஹரன் முன்னின்று உருவாக்கிய, சிசுவின் உடலியங்கியலை அடிப்படையாகக் கொண்ட சர்வதேச வழிகாட்டி இன்னும் முன்னதாகவே, 10 சதவீதம் ஏறினாலே விழித்துக்கொள்ளச் சொல்கிறது. எந்த எண்ணை ஏற்றாலும் முன்நிபந்தனை ஒன்றுதான்: தொடக்க எண் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில், தேடாமல் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். அதை எழுதாத வார்டில் மற்ற எல்லா அறிவுரையும் வீண். மணிக்கு ஐந்து துடிப்பு வீதம் ஏறும் சிசுவை, கடைசி அரை மணி நேரத் தாளை மட்டும் பார்க்கும் எவராலும் பிடிக்க முடியாது. இடையில் ஷிஃப்ட் மாறினால் ஏற்றத்தின் தொடக்கமே காணாமல் போய்விடும்.

இரண்டாவது, வரிசை. ஆக்சிஜன் மெல்லக் குறையும்போது சிசு ஒரு படிமுறையைப் பின்பற்றுகிறது: முதலில் சரிவுகள் வரும், அவை அகலமாகும், ஆழமாகும், பிறகு துடிப்பு அவ்வப்போது துள்ளி ஏறுவது நின்றுபோகும், அதற்குப் பிறகே அட்ரினலின் சுரந்து அடிப்படை அளவு உயரும். அழற்சியில் இந்த வரிசை குலைகிறது. முன்னே சரிவே இல்லாமல் அடிப்படை நேராக உயர்கிறது. மேலே ஏறிய துடிப்பைக் கண்டதும் தாளைப் பின்னோக்கிப் புரட்டி, ஏற்றத்துக்கு முன் சரிவு இருந்ததா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலைதான். மூன்றாவது, தூக்க-விழிப்புச் சுழற்சி. நலமான நிறைமாதச் சிசு அமைதியாகவும் துறுதுறுப்பாகவும் மாறி மாறி இருக்கும். துடிப்புக் கோட்டின் நடுக்கமும் அதற்கேற்பக் குறைந்து கூடும். ஆழ்ந்த உறக்கம் 50 நிமிடம் வரை நீளலாம் என்பதால் அரை மணி நேரம் மட்டுமே பார்த்து முடிவுகட்டக் கூடாது. ஒன்றரை மணி நேரமாகியும் சுழற்சியே தெரியாமல் அடிப்படையும் உயர்ந்திருந்தால், மூளை ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று எடுத்துக்கொள்வதே நியாயம். நடுக்கம் 25 துடிப்புக்கு மேல் தாறுமாறாகத் துள்ளும் ரம்பப் பல் போன்ற கோட்டையும் ஃபின்லாந்து ஆய்வாளர்கள் 2020 முதல் கவனத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆனால் அது விரைவாக வரும் ஆக்சிஜன் குறைவிலும் தெரிவதால், அதை அழற்சிக்கே உரிய முத்திரையாக நான் கொள்ள மாட்டேன்.

தாயிடம் பார்க்க வேண்டியவை பழையவைதான். அவற்றைப் பார்க்கும் ஒழுங்குதான் தளர்ந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பிரசவக் கவனிப்பு வழிகாட்டித் தாளில் தாயின் வெப்பநிலை 37.5 டிகிரி செல்சியஸைத் தொட்டாலே எச்சரிக்கைக் கட்டத்தில் வட்டமிட வேண்டும். நாடி 120ஐத் தொட்டாலும், சிசுவின் துடிப்பு 160ஐத் தொட்டாலும் அப்படியே. அமெரிக்காவில் 2015இல் கூடிய நிபுணர் குழு வகுத்த வரையறையில் 39 டிகிரி ஒரு முறை, அல்லது 38.0 முதல் 38.9 வரை அரை மணி நேர இடைவெளியில் இரு முறை பதிவானால்தான் காய்ச்சல். அதோடு சிசுவின் துடிப்பு 160க்கு மேல் பத்து நிமிடம் நிற்பதோ, வெள்ளணு 15,000ஐத் தாண்டுவதோ, கருப்பை வாயிலிருந்து சீழ் வடிவதோ ஒன்று சேர்ந்தால் கருப்பைக்குள் தொற்று இருப்பதாகச் சந்தேகிக்க வேண்டும். முதல் 38க்கும் இரண்டாவது அளவீட்டுக்கும் நடுவில் பாராசிட்டமால் கொடுத்துவிடுவது நம் வார்டுகளில் சகஜம். தாய்க்கு அது இதமாக இருக்கும். ஆனால் அதன் பிறகு இரண்டாவது எண்ணுக்குப் பொருளே இல்லை. மாத்திரை கொடுத்த நேரத்தைத் தாளில் எழுதுங்கள், இறங்கிய காய்ச்சலைத் தொற்று போனதற்குச் சான்றாக எடுக்காதீர்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை தெர்மாமீட்டர் வைப்பது சிக்கலில்லாத பிரசவத்துக்குப் போதும். பனிக்குடம் உடைந்து 18 மணி நேரம் கடந்தாலோ, சிசுவின் அடிப்படை ஏறத் தொடங்கினாலோ மணிக்கு ஒரு முறை பார்ப்பதே சரி. அக்குளில் வைக்கும் தெர்மாமீட்டர் வாயில் வைப்பதைவிடக் குறைத்தே காட்டும் என்பதை மறக்க வேண்டாம். பனிநீரின் நாற்றம், நிறம், சிசு மலம் கலந்திருப்பது, வலி இல்லாத இடைவெளியில் கருப்பை தொட்டால் வலிப்பது, நன்றாக வலி வந்தும் கருப்பை வாய் திறக்காமல் நிற்பது ஆகிய ஒவ்வொன்றும் தனியே நின்றால் பெரிதாக ஒன்றும் சொல்லாது. ஏறும் துடிப்போடு சேர்ந்தால் கணக்கு மாறும்.

இதற்கு வரும் முதல் ஆட்சேபம் வலுவானது. துடிப்பு ஏறுவதற்கு நூறு காரணம் உண்டு. தாய்க்குத் தண்ணீர்ச் சத்து குறைந்திருக்கலாம், டெர்புட்டலின் கொடுத்திருக்கலாம், தைராய்டு மிகுந்திருக்கலாம், சிசுவின் இதயத்திலேயே தாளக் கோளாறு இருக்கலாம், சிசு வெறுமனே துள்ளிக்கொண்டும் இருக்கலாம். எல்லாவற்றையும் அழற்சி என்றால் வார்டு தாங்குமா? நியாயமான கேள்வி. ஆனால் இந்தக் காரணங்கள் பெரும்பாலும் அரை மணி நேரத்தில் சரிபார்க்கக்கூடியவை. மருந்துப் பட்டியலைப் பாருங்கள். தாயின் நாடியை மணிக்கட்டில் எண்ணி, கருவி காட்டுவது தாயின் துடிப்பு அல்ல என்று உறுதிசெய்யுங்கள். இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து, நீர் கொடுத்துப் பாருங்கள். 200ஐத் தாண்டி அசையாமல் நிற்கும் துடிப்பு பெரும்பாலும் இதயத்தின் தாளக் கோளாறுதான். தாயின் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் சிசுவின் துடிப்பு ஏறத்தாழ பத்து கூடும் என்ற கணக்கையும் போட்டுப் பார்க்கலாம், தாய்க்கு 37.4 இருக்க சிசு 25 ஏறியிருந்தால் அந்தக் கணக்கு பொருந்தவில்லை என்று தெரியும். தள்ளுபடி செய்யும் வேலைக்கு ஒரு கெடு வையுங்கள் என்பதுதான் நான் வலியுறுத்துவது. கெடு இல்லாமல் 'இன்னும் ஒரு பாட்டில் போகட்டும்' என்று நீளும் காத்திருப்பில்தான் சிசுக்கள் தவறிப்போகின்றன.

எபிடூரல் பெற்ற தாய்மாரில் கணிசமானோருக்குத் தொற்று இல்லாமலேயே காய்ச்சல் வருகிறதே, அதை எப்படிப் பிரிப்பது என்பது இன்னொரு கேள்வி. பிரிக்க முடியாமல் போகலாம். ரொமேரோவின் குழு நிறைமாதத்தில் பனிக்குட அழற்சி என்று மருத்துவர்கள் கருதிய 46 பெண்களின் பனிநீரை எடுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ பாதிப் பேரிடம் கிருமியும் அழற்சியும் இருந்தன, நான்கில் ஒரு பங்கினரிடம் கிருமி தென்படாத அழற்சி இருந்தது, மீதிப் பேரிடம் அழற்சியே இல்லை. நம் கணிப்பு ஐந்தில் ஒரு முறை தவறும் என்று இதை வாசிக்கலாம். கிருமி இல்லை என்பதால் தீங்கும் இல்லை என்று மட்டும் வாசிக்கக் கூடாது. 2012இல் பாஸ்டனிலிருந்து வந்த ஆய்வில், எபிடூரல் பெற்று 101 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல் கண்ட தாய்மாரின் குழந்தைகளிடம் தசைத் தளர்ச்சி, மூச்சுக்கு உதவி தேவைப்படுவது, வலிப்பு போன்றவை கூடுதலாகத் தெரிந்தன. 'எபிடூரல் காய்ச்சல்தான்' என்று சொல்லித் தாளை மூடிவிட இந்தச் சான்று இடம் தரவில்லை.

சான்று வலுவானதா என்ற கேள்வியை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். தொடர் சி.டி.ஜி.யையும் இடைவெளிவிட்டுக் காதால் கேட்பதையும் ஒப்பிட்ட 13 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு, கருவி பிறந்த குழந்தையின் வலிப்பைப் பாதியாகக் குறைத்தாலும் மூளை முடக்குவாதத்தைக் குறைக்கவில்லை, சிசேரியனைக் கூட்டியது என்று காட்டியது. அந்த ஆய்வுகளில் தாளைப் படித்தவர்கள் ஆக்சிஜன் குறைவைத் தேடிப் படித்தார்கள். அழற்சியைத் தேடிப் படித்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. நானும் அப்படிச் சொல்லவில்லை. துடிப்பு ஏற்றம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் நடந்து முடிந்த பிரசவங்களின் தாள்களைப் பின்னால் எடுத்துப் பார்த்தவை. ஆயினும், முடிவெடுக்கும்போது சான்றின் வலுவோடு செயலின் விலையையும் சேர்த்து எடைபோடுகிறோம். சந்தேகத்தின் முதல் விலை ஒரு தெர்மாமீட்டர், ஒரு நாடிப் பரிசோதனை, பழைய எண்ணை எடுத்துப் பார்ப்பது. இவற்றுக்குச் சி.டி.ஜி. கருவிகூடத் தேவையில்லை. செவிலியரே பிரசவம் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாப்ளரை வைத்து, வலி தணிந்த பின் ஒரு நிமிடம் முழுதாக எண்ணி, அந்த எண்ணை முதல் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதினாலே ஏற்றம் தெரிந்துவிடும். காதால் கேட்கும்போது நடுக்கத்தையும் சுழற்சியையும் அறிய முடியாது. அடிப்படை ஏற்றத்தை அறியலாம், அதுதான் முதலில் வரும் குறி.

சந்தேகம் உறுதிப்பட்டால் அடுத்தது நுண்ணுயிர்க்கொல்லி. இங்கே ஆட்சேபம், தேவையில்லாத மருந்தும் தேவையில்லாத அறுவையும் பெருகும் என்பது. மருந்தைப் பற்றி: 1988இல் ரொனால்ட் கிப்ஸ் குழுவினர் நடத்திய சிறிய சோதனையில், பிரசவத்தின்போதே மருந்து பெற்ற தாய்மாரின் குழந்தைகளில் ஒன்றுக்குக்கூடச் செப்சிஸ் வரவில்லை; பிறந்த பிறகு மருந்து தொடங்கிய பிரிவில் 21 சதவீதத்துக்கு வந்தது. மருந்தைப் பிரசவம் முடியட்டும் என்று தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு இது போதும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஆம்பிசிலினும் ஜென்டமைசினும்; வழக்கமான அளவு ஆம்பிசிலின் 2 கிராம் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஜென்டமைசின் கிலோவுக்கு 5 மில்லிகிராம் நாளுக்கு ஒரு முறை, இரண்டும் நரம்பு வழியாக. பெனிசிலின் ஒவ்வாமையும் சிறுநீரகக் கோளாறும் இருக்கிறதா என்று கேட்காமல் தொடங்க வேண்டாம். மேல் மருத்துவமனைக்கு அனுப்புவதாக இருந்தால் முதல் வேளை மருந்து 108 வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே போயிருக்க வேண்டும். பிறந்த குழந்தைகள் எல்லோருக்கும் மருந்து போய்ச் சேரும் என்ற அச்சத்துக்குப் பதில், குழந்தை மருத்துவரிடம் முழுத் தகவலைக் கொடுப்பது. தாயின் அதிகபட்ச வெப்பம், பனிக்குடம் உடைந்து எத்தனை மணி நேரம், எந்த வாரம், எப்போது என்ன மருந்து என்பவற்றைக் கொண்டு அபாயத்தைக் கணக்கிடும் முறையை அமெரிக்காவின் கைசர் மருத்துவமனைகள் நடைமுறைப்படுத்தியபோது, முதல் நாளில் மருந்து பெற்ற குழந்தைகள் 5.0 சதவீதத்திலிருந்து 2.6 ஆகக் குறைந்தார்கள்.

அறுவையைப் பற்றி: கருப்பைக்குள் தொற்று என்பது தன்னளவில் சிசேரியனுக்குக் காரணம் ஆகாது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரியும் இதையே சொல்கிறது. ஆனால் அதே காரணத்தால் பிரசவம் எவ்வளவு நீண்டாலும் பரவாயில்லை என்றும் ஆகாது. இரண்டாம் பிரசவம், ஒன்பது சென்டிமீட்டர் திறந்திருக்கிறது, துடிப்பு ஏறியிருந்தாலும் நடுக்கமும் சுழற்சியும் நன்றாக இருக்கின்றன என்றால் மருந்து கொடுத்துப் பிரசவத்தைத் தொடர்வதே சரி. முதல் பிரசவம், நான்கு சென்டிமீட்டரில் மணிக்கணக்காக நிற்கிறது, துடிப்பு ஏறிச் சுழற்சி மறைந்துவிட்டது, பனிநீர் கெட்டியான பச்சையாக வருகிறது என்றால், ஆக்சிடோசினைக் கூட்டி வாய் திறக்க வைக்கும் முயற்சி சிசுவுக்கு எலிக்குட்டிச் சோதனையின் இரண்டாம் பாதியைத்தான் தரும். இந்த இரண்டுக்கும் நடுவில் விழும் பிரசவங்களே அதிகம். அவற்றில் ஆக்சிடோசினை நிறுத்தவோ குறைக்கவோ செய்துவிட்டு, மூத்த மருத்துவரைக் கட்டிலருகே வரவழைத்து, இன்னும் எத்தனை மணி நேரம் ஆகும் என்ற கேள்வியை வாய்விட்டுக் கேட்க வேண்டும். முக்கும் நிலையில் சிசுவுக்குத் தாங்கும் சக்தி இன்னும் குறையும் என்பதால், காத்திருக்கும் நேரத்தைக் கணக்கிடும்போது அதையும் சேர்த்துக்கொள்வது நல்லது. அழற்சி கண்ட கருப்பை பிரசவத்துக்குப் பின் சரியாக இறுகாமல் ரத்தப்போக்கு வரும் வாய்ப்பும் அதிகம். அதற்கான தயாரிப்பு முன்பே இருக்கட்டும்.

பிறந்த பிறகு தொப்புள்கொடி ரத்தத்தின் அமிலத்தன்மை நன்றாக இருந்தும் குழந்தை துவண்டு கிடந்தால், அந்த எண்ணைக் காட்டிப் பெற்றோருக்கு ஆறுதல் சொல்வதற்கு முன் அழற்சியை நினையுங்கள். நஞ்சுக்கொடியைத் தொட்டியில் போடாமல், தொப்புள்கொடியின் ஒரு நீளத் துண்டோடும் சவ்வோடும் ஃபார்மலினில் இட்டு நோய்க்கூறு பிரிவுக்கு அனுப்புங்கள். விண்ணப்பத்தில் 'பனிக்குட அழற்சியா?' என்று மட்டும் கேட்டால் தாயின் எதிர்வினைக்கு மட்டுமே பதில் வரும். கொடியின் ரத்தக்குழாய்களில் சிசுவின் வெள்ளணுக்கள் இருக்கின்றனவா என்று தனியாகக் கேளுங்கள். அனுமதித்தபோது இருந்த துடிப்பு, பிறக்கும் முன் இருந்த துடிப்பு, மருந்து தொடங்கிய நேரம் ஆகிய மூன்றையும் அதே தாளில் எழுதி அனுப்புங்கள்.